நான்காவது மூட்டை

"என் புருஷன் தன் கவனக்குறைவால செத்தாருன்னு எழுதியிருக்காங்க சார். அந்த ஒரு வரியை அழிச்சுக் குடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

வந்ததும் வராததுமாக அந்தப் பெண் சொன்னது இதுதான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இறந்தவரின் ஷூவும் வாட்சும் இருந்தன.

எதிரே இருந்தவருக்கு, முன்பு வேலை பார்த்த விபத்து விசாரணை அலுவலகத்தில் வைத்த பெயர் நிதானம். இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறார். லிஃப்ட் அறுந்தாலும் ரயில் கவிழ்ந்தாலும் காரணம் கண்டுபிடிக்க அங்கே அவரைத்தான் அனுப்புவார்கள். டீயைக் குடித்து முடிக்காமல் கிளம்ப மாட்டார். பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்த மைத்துனர் அவருக்கு நேர் எதிர். பழைய உதிரிபாக வியாபாரம் படுத்துவிட்டதால், அக்கா புருஷனுக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒட்டிக்கொண்டவர். எந்த வழக்கானாலும் முதல் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைச் சொல்லிவிடுவார். இதுவரை ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

கணவர் மெக்கானிக். ஓட்டுநர் இல்லாமல் தானாகவே பறக்கும் மின்சார டாக்ஸி தயாரிக்கிற கம்பெனியில் வேலை. ஆள் ஏற்ற இன்னும் அனுமதி வரவில்லை. அதனால் ஒரு வருடமாக நான்கு சீட்டிலும் மணல்மூட்டையை உட்காரவைத்து ஊருக்கு மேலே பறக்கவிட்டார்கள். மூட்டை ஒவ்வொன்றும் எழுபத்தைந்து கிலோ. போன செவ்வாய்க்கிழமை வண்டி தரையிறங்கும்போது மெக்கானிக் குறுக்கே நடந்து போனார், விசிறிக் காற்று தூக்கி வீசியது, கழுத்து முறிந்து சேற்றில் கிடந்தார். இது கம்பெனியின் அறிக்கை.

"யார் பார்த்தது?" என்றார் நிதானம்.

"எங்கண்ணன். அங்க தளப் பொறுப்பாளரா இருக்கார். இவரை அந்த வேலையில சேர்த்துவிட்டதும் அவர்தான்."

"வீட்டுல ஏதாவது வித்தியாசமா நடந்துக்கிட்டாரா?"

"மூணு மாசமா ஒழுங்காச் சாப்பிடல. எடை மெஷின் வாங்கிவச்சு தினம் ஏறி ஏறிப் பார்ப்பார். யூனிஃபார்ம், ஷூவோட! எண்பத்திரண்டு இருந்தவர் எழுபத்தஞ்சுக்கு வந்துட்டார். எவளுக்காக இந்த அழகுன்னு சண்டைகூடப் போட்டேன்." பையை மறு கைக்கு மாற்றினாள். "கடைசி நாள், பதினோரு மணிக்கு மாடியில போய்த் துணி காயப்போடுன்னார். எதுக்குன்னு கேட்டா சிரிச்சார்."

"போனீங்களா?"

"போனேன். டாக்ஸி மேல போச்சு. தினம் போறதுதானேன்னு நிமிர்ந்துகூடப் பார்க்கல."

மைத்துனர் காதோரம் குனிந்து, "பொம்பளை விவகாரம்தான் மாமா, சந்தேகமே இல்ல," என்று கிசுகிசுத்தார்.

நிதானம் ஷூவைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முனையிலும் பக்கவாட்டிலும் சேறு காய்ந்து அப்பியிருந்தது. அடிப்பாகம் மட்டும் கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது.

"நீங்க துடைச்சீங்களாம்மா?"

"குடுத்தபடியே வச்சிருக்கேன் சார்."

மறுநாள், கணவரின் சாமான்களை எடுக்கிற சாக்கில் அவளோடு இருவரும் கம்பெனிக்குள் போனார்கள். அவளுடைய அண்ணன்தான் கதவைத் திறந்துவிட்டான். கண் சிவந்து, நாலு நாள் தாடியோடு இருந்தான். தங்கையைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான்.

கூடத்தின் நடுவே டாக்ஸி நின்றது. மைத்துனர் பூனை மாதிரி அதன் அடியில் நுழைந்து வெளியே வந்தார். "மாமா, நாலு காலும் புதுசு. மத்த இடத்துல ஒரு வருஷ அழுக்கு, கால்ல மட்டும் பெயிண்ட் வாசனை. சும்மா யாரும் நாலையும் மாத்த மாட்டாங்க. வண்டி பலமா மோதியிருக்கு." அவர் வாழ்நாளிலேயே சரியாகச் சொன்ன முதல் விஷயம் அது.

நிதானம் தலையாட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். சீட்டுகளில் பெல்ட் இல்லை. மூட்டை கட்டுகிற கயிறும் கொக்கியும்தான் இருந்தன. சுவரோரம் நான்கு மணல்மூட்டைகள். மூன்று மூட்டைகள் கிழிந்து, புது வெள்ளை நூலில் தைக்கப்பட்டிருந்தன. நான்காவதில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை. மேலே விரல் வைத்தால் தடம் விழுகிற அளவு தூசி. செவ்வாய்க்கிழமைப் பதிவேட்டில் நான்கு மூட்டையும் பறந்ததாக எழுதியிருந்தது.

"தலைமைப் பொறியாளரைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா? நீங்களும் இருங்க," என்றார் அண்ணனிடம்.

தலைமைப் பொறியாளர் ஓர் அம்மையார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்து உட்கார்ந்தார். "பத்து நிமிஷம் தர்றேன்," என்றார்.

"அஞ்சு போதும்," என்றார் நிதானம். "சேத்துல நடந்து போனவர் ஷூவுக்கு அடியில சேறு இல்ல. அப்ப அவர் நடக்கல; கொண்டுவந்து போட்டிருக்காங்க. மோதின வண்டியில மூணு மூட்டை கிழிஞ்சிருக்கு, நாலாவது அன்னிக்கு வண்டியில ஏறவே இல்ல. ஆனா எடை குறைஞ்சதா பதிவுல இல்ல. அந்த இடத்துல ஷூவோட சேர்த்துச் சரியா எழுபத்தஞ்சு கிலோ இருக்கிற ஒண்ணு உட்கார்ந்திருக்கு. அதுக்குத்தான் மூணு மாசம் பட்டினி போட்டீங்க."

அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் தரையையே பார்த்தான்.

"யாரும் கட்டாயப்படுத்தல," என்றார் அம்மையார். குரல் ஒரு இம்மிகூட ஏறவில்லை. "அதிகாரிங்க முன்னாடி ஆளை ஏத்தறதுக்கு முன்னால நாங்க ஒருதரம் பார்த்துக்க வேண்டியிருந்தது. எடையை மாத்தினா பதிவுல தெரிஞ்சிரும். முதல் பயணி நீதான், பின்னால படம் போட்டு மாட்டுவோம்னு சொன்னோம். சந்தோஷமா ஏறினார்."

"அப்புறம் எழுந்து வலது ஜன்னலுக்குப் போனார்," என்றார் நிதானம். ஒரு நொடி அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "வலது பக்கம் அவர் வீடு. அந்த நேரத்துக்கு மனைவியை மாடிக்கு வரச் சொல்லியிருந்தார். ஒரு வருஷமா இந்த மெஷின் மணலைத்தான் சுமந்திருக்கு. மணல் எழுந்து நடக்காது. எடை நகர்ந்தா அதுக்குத் தெரிஞ்சது ஒரே அர்த்தம்: மூட்டை அவிழ்ந்துபோச்சு. அப்படின்னா எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா தரைக்கு இறங்கணும்னு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க. மணலுக்கு வலிக்காதுங்கறதால வேகத்துக்கு வரம்பு வைக்கல. நேரா தளத்து ஓரத்துல வந்து விழுந்திருக்கு."

"அசையக் கூடாதுன்னு சொல்லியிருந்தோம். அசைஞ்சார். கவனக்குறைவுங்கற வார்த்தை இப்பவும் பொருந்தும்."

மைத்துனர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நீங்கல்லாம் மனுஷங்களா?" நிதானம் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பெல்ட்டைக் கழட்டிட்டுக் கயிறு போட்டது யார்?"

"நான்தான்," என்றான் அண்ணன். முதல்முறையாக வாயைத் திறந்தான். "பெல்ட்ல மூட்டை நிக்காம வழுக்குது. மாப்பிள்ளையைக் கயித்தால கட்டட்டுமான்னு கேட்டேன். நான் என்ன மூட்டையான்னு சிரிச்சார். வெளியில இறந்துகிடந்தா வேலைக்காரன் தப்பு, உள்ள இறந்தா கம்பெனி முடிஞ்சதுன்னு மேடம் சொன்னாங்க. நான்தான் தூக்கிட்டு வந்து போட்டேன். வண்டிக்குள்ள இருந்த கேமராவைக் கீழ திரையில பார்த்துட்டிருந்ததும் நான்தான், பதிவானதை அழிச்சதும் நான்தான்."

"மூட்டையும் ஷூவும் படமா அனுமதி அலுவலகத்துக்கு நீங்க வர்றதுக்கு முன்னாலேயே போயாச்சு," என்றார் நிதானம். "இனி அந்த வரியை நீங்களே அடிச்சா நல்லது."

அம்மையார் கம்பெனி அறிக்கையை வரவழைத்தார். பேனாவை எடுத்து, அந்த வரியை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். பத்து நிமிடம் முடிந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கேட்டது கிடைத்துவிட்டது. அந்தப் பெண் காகிதத்தைத் தொடவில்லை. அண்ணன் எதிரே போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று மைத்துனர் பயந்தார். அடித்தால் தேவலை என்றும் நினைத்தார்.

"வீட்டைப் பார்த்தப்ப அவர் முகம் எப்படி இருந்துச்சுண்ணா?" என்றாள் மெதுவாக. "நான் அவரைப் பார்க்கல. பதிவையும் அழிச்சிட்டே. இனி நீ ஒருத்தன் சொன்னாத்தான் உண்டு. சிரிச்சாரா? என்னைத் தேடினாரா?"

அண்ணன் அழ ஆரம்பித்தான்.

"முகத்தைப் பார்க்கலம்மா," என்றான். "எடை சரியா காட்டுதான்னு நம்பரைத்தான் பார்த்துட்டிருந்தேன்."