நுனியில் ஒரு ருசி

மாலை நாலு பத்து.

மாதுங்கா அறையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பூலோகம் நின்றுவிட்டார்!

நாற்காலியில் சாய்ந்த உடம்பு. நீலம் பாரித்த உதடு. காலடியில் ஒரு சுருட்டு. நுனி வெட்டப்பட்டிருந்தது. ஆனால் பற்ற வைக்கப்படவில்லை.

பூலோகத்தின் தொழில் சுருட்டை ருசி பார்ப்பது. அவர் ருசி பார்த்து எழுதிய சீட்டு இல்லாத சுருட்டைப் பம்பாயின் பெரிய ஹோட்டல்கள் தொடாது.

அப்படி ஒரு சீட்டு இப்போது பிணத்தின் இடது கையில் கசங்கிக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் வெயிலுமுத்து விரல்களைப் பிரித்து எடுத்தார்.

'மேலிலை: நல்ல மினுக்கம். உருட்டு: சீர். பற்றவைக்காத இழுவை: தாராளம். நுனி: மாவு ருசி இல்லை. ஏன்?'

அதோடு பேனா காகிதத்தை விட்டு ஓடியிருந்தது.

வெயிலுமுத்துவுக்குப் புரியவில்லை. மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

வாசலில் நின்றவனைக் கூப்பிட்டார். பூலோகத்தின் உதவியாள், செல்லப்பாண்டி.

"யாரு சுருட்டு இது?"

"தாராவி நாகூர் மீரான் பட்டறைது சார். நேத்து சாயங்காலம் வந்த பெட்டி. முதலாளி எப்பவும் மேல் வரிசையில முதல் சுருட்டைத்தான் எடுப்பாரு. அது மீரானுக்கும் தெரியும்."

"மீரானுக்கு அவர் மேல என்ன கோபம்?"

"போன மாசம் மூணு பெட்டியைத் திருப்பி அனுப்பிட்டாரு. அது மட்டுமில்ல சார்... நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு நான் பட்டறைக்குப் போனேன். மீரான் ஒவ்வொரு சுருட்டு நுனியையும் நாக்கால நக்கி ஒட்டிக்கிட்டு இருந்தான். ஒண்ணே ஒண்ணை மட்டும் நக்கல! அதைத்தான் மேல வச்சான்!"

"ஏன் நக்கல?"

"விஷத்தை எவனாவது நக்குவானா சார்?"

அரை மணியில் ஜீப் மீரானைக் கொண்டுவந்தது. ஒல்லியான மனிதர். விரல்களில் புகையிலைக் கறை. பிணத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது.

பயமா? குற்றமா?

"உட்காரும். சாய் குடிக்கீரா?"

தலை மட்டும் ஆடியது. வேண்டாம்.

"தண்ணி?"

அதுவும் வேண்டாம்.

வெயிலுமுத்து பெட்டியை நகர்த்தினார். உள்ளே இருபத்து நாலு சுருட்டு.

"உம்ம சரக்குதானே? ஒண்ணைப் பத்த வச்சு இழுத்துக் காட்டும்."

"இப்ப முடியாது சாப்."

"பாத்தீங்களா சார்!" செல்லப்பாண்டி துள்ளினான். "தூக்குக் கயிறு கண்ணுல தெரியுது! அவன் என்ன இழுக்கிறது? நான் இழுக்கேன். ஒரு சுருட்டுலதான் விஷம். மிச்சமெல்லாம் சுத்தம்."

"உனக்கு ருசி பார்க்கத் தெரியுமா?"

"பன்னிரண்டு வருஷமா பெட்டி திறந்து குடுக்கேன் சார். ஒரு நாள் ஒரு இழுப்புக்கு விட்டிருப்பாரா? ஆனா எல்லாம் பாத்து வச்சிருக்கேன். இனிமே ஹோட்டல்காரனுக்கு என் நாக்குதான்!"

சுருட்டைக் காதருகே உருட்டினான். சரசரப்பு இல்லை. மோந்தான். நுனியை வெட்டினான். தீக்குச்சியை எட்ட வைத்துச் சுற்றிச் சுற்றிப் பற்ற வைத்தான். இழுத்தான்.

சாம்பல் வெள்ளையாய் வளர்ந்தது. ஓர் அங்குலம். விழவில்லை.

"முதல்ல காரம்... பொறவு வறுத்த காப்பிக்கொட்டை வாசம். ஏ ஒன் சார்!"

"நுனி?"

"லேசா இனிக்கு... மைதா..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

சாம்பல் விழுந்தது!

"எச்சில் எப்போல மைதா ஆச்சு?" வெயிலுமுத்துவின் குரல் இறங்கியது. திரும்பினார். "மீரான், எதை வச்சு ஒட்டினீரு?"

"மைதாப் பசைதான் சாப். மத்த மாசம் எச்சி தொட்டு ஒட்டுவேன். இது ரம்ஜான்லா... நோம்பு வச்ச வாயில புகையில படலாமா? இருபத்தஞ்சுக்கும் பசைதான். பூலோகம் அண்ணாச்சிக்குத் தெரியும். 'வருஷத்துல ஒரு மாசம் உம்ம சுருட்டு இனிக்குதே வே'ன்னு கேலி பண்ணுவாக."

சாய் வேண்டாம். தண்ணீர் வேண்டாம். சுருட்டு வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்!

வெயிலுமுத்து சீட்டை எடுத்து உரக்கப் படித்தார்.

"நுனி: மாவு ருசி இல்லை. ஏன்?"

செல்லப்பாண்டி கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தான்.

"நான் சொல்லுதேன் ஏன்னு. நேத்து ராத்திரி நீ ஒரு சுருட்டு நுனியை உரிச்சே. உள்ளே விஷத்தை வச்சே. மூடி எச்சில் தொட்டு ஒட்டுனே. மீரான் எப்பவும் செய்யுதது அதுதான்னு நினைச்சே. அவன் நோம்பை நீ மறந்துட்டே. சரி, செத்தவர் பெட்டியில இருந்தே எடுத்து இப்படித் தைரியமா இழுத்தியே... மிச்சம் சுத்தம்னு யாருல உனக்குச் சொன்னது?"

மீரானைக் கூட்டிவந்த ஹவல்தார் கதவை மறித்து நின்றார்.

"மீரான், எத்தனை மணிக்கு நோம்பு திறக்கணும்?"

"ஆறு இருபத்து மூணு சாப்."

"ஜீப்புல ஏறும். நேரத்துக்கு வீட்டுல இருப்பீரு."

வெயிலுமுத்து கைக்குட்டையை விரித்தார். பூலோகத்தின் காலடியில் கிடந்த சுருட்டை அதில் எடுத்தார். செல்லப்பாண்டியின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பன்னிரண்டு வருஷ ஆசை... உனக்கு நோம்பும் இல்ல. இதையும் ஒரு இழுப்பு இழுத்து, நுனி எப்படின்னு சொல்லேன்ல?"