மேட்டுக்குள் போன கயிறு

கயிறு ஈரமாக இருந்தது.

மழைக்காலமாக இருந்திருந்தால் வேலாயி அதைப் பொருட்படுத்தியிருக்கமாட்டாள். நமுனுகுல மலையடியில் மழை பிடித்துக்கொண்டால் உப்பு கரையும், தீக்குச்சி நமுத்துப்போகும், படுக்கிற பாயில்கூடப் பூஞ்சணம் படரும். ஆனால் இது மாசி மாதம். வானம் ஒரு துளி தந்து எவ்வளவோ நாளாயிற்று. தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்து வாசலில் மண் வெடித்துக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் தன் கையாலேயே எண்ணெய் தேய்த்து, கதவு நிலையிலிருந்து பின்சுவர் ஆணிவரை இழுத்துக் கட்டிக் காயவிட்ட, குதிரைவால் முடியில் முறுக்கிய தூண்டில் கயிறு அது. நிலைப்பக்கம் அது நன்றாகக் காய்ந்திருந்தது. பின்சுவர்ப் பக்கம் மட்டும் ஆற்றிலிருந்து எடுத்ததுபோலச் சொட்டிக்கொண்டிருந்தது.

விரலால் வழித்து முகர்ந்தாள். ஆற்று வாசமில்லை. கிணறு தோண்டும்போது ஆழத்திலிருந்து அள்ளி மேலே போடுவார்களே, வெயிலையே பார்க்காத மண், அந்த வாசம்.

கூரையைப் பார்த்தாள். தகரத்தில் ஓட்டை இல்லை. சுவரைத் தடவினாள். காய்ந்த சுண்ணாம்புதான் விரலில் ஒட்டியது.

"நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போ," என்று கயிற்றிடமே சொல்லிவிட்டு, துணியால் துடைத்து, வேலைக்கு உட்கார்ந்தாள்.

வேறு என்ன செய்வாள்? போன வருஷம் கொழுந்துக் கூடையோடு சரிவில் உருண்டு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவளால் மலையேற முடியாது. புருஷன் அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டான். வடிவேல் கங்காணி அவளை வாசலில் நிற்கவைத்து எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்: "மலைக்குப் போகாதவளுக்கு லயத்துல காம்பரா எதுக்கு? பேரை வெட்டியாச்சு. மூட்டையைக் கட்டு."

எங்கே போவது? பதுளைக் கடைத்தெருவில் பிச்சை எடுக்கவா? அவள் மூட்டையைக் கட்டவில்லை. நொண்டிக்கொண்டு பங்களா வாசல்வரை போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கே புல்லில் இறகு பிரிந்து கிடந்த ஒரு தூண்டிலை எடுத்து, நூலைப் பிரித்துப் பார்த்து, திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தபோது தோட்டத்தின் இளைய வெள்ளைக்கார அதிகாரியான சின்னதுரை பார்த்துவிட்டார். மேட்டு ஓடைகளில் மீன் பிடிக்கிற பைத்தியம் அவருக்கு. இறகைப் பூச்சிபோல் கட்டிய தூண்டில்கள் சீமையிலிருந்து கப்பலில் வந்து, பண்டாரவளையில் ரயிலிறங்கி, மாட்டுவண்டியில் தோட்டத்துக்கு வருவதற்குள் பாதி கெட்டுப்போகும். இவள் இங்கேயே கட்டித் தரட்டும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

துரை சொல்லைக் கங்காணியால் தட்ட முடியவில்லை. ஆனால் எந்த அறை என்று ஒதுக்குவது அவர் கையில் இருந்தது. "கடைசிக் காம்பரா சும்மாதானே கெடக்கு. தைரியம் இருந்தா அங்க இரு," என்று சிரித்தார்.

அந்தக் காம்பராவில் யாரும் நிலைத்ததில்லை. மேட்டை வெட்டி அதன்மேல் முதுகைச் சாய்த்ததுபோல் கட்டிய லயம் அது. மற்ற அறைகளுக்குப் பின்னால் தண்ணீர் வடிய ஒரு கான் ஓடும். கடைசி அறைக்கு அதுவும் இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் மலைதான்.

பெஞ்சை அவளே போட்டாள். ஆசாரி கழித்துப்போட்ட பலாப்பலகையை இரண்டு மரக்கட்டைமேல் ஏற்றி, ஆடாமல் இருக்க அடியில் கல் செருகினாள். வெளிச்சம் இடக்கைப் பக்கம் விழுகிறமாதிரி சன்னலோரம் தள்ளினாள். தூண்டில் முள்ளைக் கவ்விப் பிடிக்கச் சின்னதுரை கொடுத்த இரும்பு இடுக்கியை விளிம்பில் முடுக்கினாள். முட்கள் துருப்பிடிக்காமல் எண்ணெய் ஊற்றிய தகர டப்பியில். காட்டுச்சேவல் கழுத்திறகு பூச்சி அரிக்காமல் சூடம் போட்ட துணிப்பையில். தேன்மெழுகு, பட்டுநூல், சிறு கத்தி, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். தூண்டில் கயிற்றுக்குத் துரையின் வெள்ளைக் குதிரையின் வால்முடி. நாலு முடியை ஒன்றாக முறுக்கி, கீழே கல் கட்டித் தொங்கவிட்டு, பிறகு நீளவாக்கில் இழுத்துக் கட்டிக் காயவைக்கவேண்டும். அறையில் அதற்குப் போதுமான நீளம் நிலையிலிருந்து பின்சுவர்வரைதான்.

ஈரத்தைத் துடைத்த மறுநாளும் கயிறு ஈரமாக இருந்தது. அதற்கடுத்த நாள் அது நீண்டிருந்தது.

விறைப்பாகக் கட்டிய கயிறு நடுவில் தொய்ந்து கிடந்ததைப் பார்த்து, முடிச்சு நழுவியிருக்கும் என்று இழுத்துப் பார்த்தாள். முடிச்சு நழுவவில்லை. ஆணியோரம், வெள்ளை முடி முடிகிற இடத்தில், கறுப்பு முடி முறுக்கப்பட்டிருந்தது. அவள் முறுக்குகிற அதே முறுக்கு. துரையின் லாயத்தில் கறுப்புக் குதிரை கிடையாது.

கத்தியை எடுத்துக் கறுப்பை மட்டும் அறுத்து அடுப்பில் போட்டாள். கருகிய நாற்றம் நெடுநேரம் போகவில்லை. குதிரைமுடி கருகினால் எப்படி நாறும் என்று அவளுக்குத் தெரியும். இது அது இல்லை.

பக்கத்துக் காம்பரா கருப்பம்மாவிடம் கேட்டாள். கருப்பம்மா அந்தத் தோட்டத்திலேயே மூத்தவள். கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த மேட்டுக்குள்ள பழைய லயம் ஒண்ணு இருக்கு புள்ள."

"இருக்குன்னா?"

"நிக்குது. அப்படியே. ஒரு கார்த்திகை மழையில மேலருந்து மலை பேர்ந்து விழுந்து மூடிருச்சு. உள்ள ஆளுங்க இருந்தாங்க. சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னாங்க."

"தோண்டலையா அக்கா?"

"அப்பவும் வடிவேல்தான் கங்காணி. உசுரோட யாருமில்லன்னு துரைகிட்டச் சொல்லிட்டாரு. அடுத்த வருஷம் மேல தேயிலை வச்சாங்க. நல்லாத்தான் தழையுது." கருப்பம்மா எழுந்துகொண்டாள். "நீ எங்கூட வந்து படுத்துக்க. அந்தக் காம்பரா வேணாம்."

"வந்தா அந்தாளு காம்பராவைப் பூட்டிருவாரு அக்கா. அப்புறம் பெஞ்சை எங்க போடுவேன்? செத்தவங்களுக்குப் பயந்து, உசுரோட இருக்கிறவர்கிட்டத் தோக்கச் சொல்றீங்களா?"

அவள் திரும்பி வந்து கதவைத் திறந்தாள்.

ஆணியைக் காணவில்லை. ஆணி இருந்த இடத்தில் விரல் நுழைகிற அளவு ஓட்டை. கயிறு அந்த ஓட்டைக்குள் போயிருந்தது.

அன்றிலிருந்து அவள் பின்சுவருக்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை. பெஞ்சைத் திருப்பிப் போட்டாள். சுவரைப் பார்த்தபடியே முள்ளை இடுக்கியில் பூட்டினாள், இறகைச் சுற்றினாள், நூலை இறுக்கினாள். பகலெல்லாம் லயம் வெறிச்சோடிக் கிடக்கும். எல்லோரும் மலையில். சுவருக்குள்ளிருந்து, மாவு சலிப்பதுபோல் மெல்லிய மண் உதிர்கிற சத்தம் வரும். அவள் கையை நிறுத்தினால் அதுவும் நிற்கும். தொடங்கினால் தொடங்கும். யாரோ அந்தப்பக்கம் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து வேலை செய்வதுபோல.

சின்னதுரை வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். மறுநாளே கங்காணி அறைக்கு முன்னால் இருந்த திண்ணையான இஸ்தோப்பில் வந்து நின்று, தடியால் தூணைத் தட்டினார். "இனி யாருக்கடி தூண்டில் கட்டப்போற? நாளைக்கு நான் வர்றப்ப அறை காலியா இருக்கணும்."

"காலியா இருக்காதுங்க," என்றாள் வேலாயி.

அடுத்த நாள் மத்தியானமே மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. முதலில் தேயிலை மறைந்தது. பிறகு கான். பிறகு எதிர்லயம். சன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. தூரத்தில் மழையின் இரைச்சல் கேட்டது. வேலாயி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தூண்டிலுக்குத் தலைப்பகுதி சுற்றிக்கொண்டிருந்தாள். வாங்குவார் இல்லாத தூண்டில். இருந்தாலும் கை ஓயவில்லை.

கயிறு அசைந்தது.

காற்று இல்லை. மீன் இரையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் ஒரு சிறு இழுப்பு. நின்றது. மறுபடி ஒன்று. நின்றது. பிறகு விடாமல், அவசரமாக, கதவைத் தட்டுகிறவர்கள் தட்டுவதுபோல.

எழுந்து ஓடிவிடலாம். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே பனியும் மழையும் கங்காணியும். உள்ளே இது.

நிலையில் கட்டியிருந்த முனையை அவிழ்த்தாள். இடுக்கியில் ஒரு சுற்றுச் சுற்றி முடுக்கினாள். நல்ல காலைப் பெஞ்சின் கட்டையில் ஊன்றினாள்.

இழுத்தாள்.

வந்தது. கனமாக, வழுக்கலாக. முழம் முழமாக வந்தது. வெள்ளை முடி தீர்ந்து கறுப்பு வந்தது. கறுப்புக்குப் பின் நரை. நரைக்குப் பின் மறுபடி கறுப்பு. சேற்று நீர் அவள் மடியில் சொட்டியது. இடையில் ஒரு சாண் மட்டும் செம்பட்டை, பட்டுப்போல் மெல்லியது. அது பெரியவர்கள் முடி இல்லை. அவள் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. கை நிற்கவில்லை. இழுத்தாள். தோள் வலித்தது. இழுத்தாள்.

கயிறு தளர்ந்தது.

அவள் இழுப்பதை நிறுத்தினாள்.

கயிறு வந்துகொண்டே இருந்தது.

"வேலாயி!" வாசலில் கங்காணி. குடையிலிருந்து தண்ணீர் வழிந்தது. "என்னடி பண்ற..." வாக்கியம் முடியவில்லை. அவர் கண் ஓட்டையில் நின்றுவிட்டது.

ஓட்டையைச் சுற்றிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஒரு விரல். பிறகு இரண்டு. நகங்களுக்குள் செம்மண் அடைத்திருந்தது. கை முழுதாக வந்தது. கயிற்றைப் பற்றியிருந்தது.

"வெட்டு!" கங்காணியின் குரல் கீச்சிட்டது. "கத்தி பக்கத்துல இருக்கு பாரு! கயித்தை வெட்டு!"

வேலாயி கத்தியை எடுத்தாள். சன்னல் வழியாகப் பனிக்குள் வீசினாள்.

"அன்னைக்கு நீங்க விட்டுட்டுப் போனது போதும்," என்றாள். "நான் விடமாட்டேன்."

அந்தக் கை கயிற்றை விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்புவரை குளிர்ந்தது. உள்ளே இழுக்குமோ என்று நினைத்தாள். இழுக்கவில்லை. பள்ளத்திலிருந்து ஏறுகிற ஆள் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, பாரத்தை அவள்மேல் போட்டது. பெஞ்சு கிறீச்சிட்டது. முறிந்த இடுப்பு தீயாய் எரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காலை இன்னும் அழுத்தி ஊன்றினாள்.

"வாங்க," என்றாள். "ஏறி வாங்க."

சுவர் உப்பியது. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை. ஈரத்துணிக்கு அடியிலிருந்து தெரிவதுபோல் நெற்றிகள். மூக்குகள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நிற்கிறமாதிரி வரிசையாக, தோளோடு தோள். கீழே, இடுப்புயரத்தில், சின்னதாக ஒன்று. வாய் இருக்கவேண்டிய இடங்களில் சுண்ணாம்பு உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. மறுபடி குழிந்தது.

வாசலில் குடை விழுந்தது. கங்காணி நகரவில்லை. நகர முடியவில்லை.

சுண்ணாம்புக்கு அடியில் அத்தனை முகங்களும் மெல்லத் திரும்பின, கதவுப் பக்கமாக.