பல் டாக்டரும் பச்சைக் காரும்

சில்வண்டுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் அது. அன்றைக்குப் பேசப் பெரிய விஷயமும் இருந்தது. அப்பாவும் அத்தையும் செய்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்க, முதன்முதலாக ஒருவர் வருகிறார்!

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் அவர்களுடைய கார் கம்பெனி. மொத்தம் இரண்டே பேர். அத்தை தகட்டைத் தட்டித் தட்டி வளைப்பார். அப்பா எஞ்சினைப் பார்த்துக்கொள்வார். இரவு பகல் பாராமல் உழைத்து ஒரு கார் செய்துவிட்டார்கள்.

அடேயப்பா, அது என்ன கார்! பளபளக்கும் பச்சை. கதவு பக்கவாட்டில் திறக்காது, இறக்கை மாதிரி மேலே எழும்பும். இதை நம் வீட்டு ஆட்களா செய்தார்கள் என்று சில்வண்டுக்கே சில சமயம் சந்தேகம் வரும்.

"அப்பா, இது விக்கலைன்னா?"

"கொட்டகையைப் பூட்டிட்டு, நான் பழையபடி லாரி கம்பெனிக்கே போக வேண்டியதுதான்."

அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சில்வண்டு ஓடிப்போய்க் காரை இன்னொரு தடவை துடைத்தாள்.

வந்தவர் ஒரு பல் டாக்டர். வாசலில் நன்றாகக் குனிந்துதான் அந்த அம்மாவால் உள்ளே வர முடிந்தது. நிமிர்ந்ததும், அப்பாவும் அத்தையும் அண்ணாந்து பார்த்தார்கள். குச்சி இல்லாமலே ஒட்டடை அடிக்கலாம், அவ்வளவு உயரம்! சில்வண்டு வீட்டிலோ எல்லோரும் குள்ளம்.

"எவ்வளவு அழகு!" என்று டாக்டர் காரைத் தடவிக் கொடுத்தார். ஆசையாக ஏறி உட்கார்ந்தார்.

'டொங்!' தலை கூரையில் இடித்தது.

"கொஞ்சம் குனிஞ்சுக்கங்க மேடம்," என்றார் அப்பா.

குனிந்தார். மூக்கு ஸ்டியரிங்கில் இடித்தது.

"கழுத்தை இந்தப் பக்கம் சாய்ச்சுப் பாருங்களேன்," என்றார் அத்தை.

சாய்த்தார். "இப்படியே ஓட்டினா, நான் கழுத்து டாக்டரைத் தேடி ஓடணும்," என்றார் டாக்டர்.

ஒருவழியாக வெளியே வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. "தப்பு என்மேலதான். எனக்குக் கட்டில் பத்தாது, பஸ் சீட் பத்தாது. இதுவும் பத்தலை. விடுங்க."

சில்வண்டுக்குப் பாவமாக இருந்தது. "உங்கமேல ஒரு தப்பும் இல்ல ஆன்ட்டி! நாங்கதான் எங்க அளவுக்கே காரைச் செஞ்சுட்டோம்."

"சும்மா இரு," என்றார் அப்பா.

சில்வண்டாவது, சும்மா இருப்பதாவது! "சீட்டுக்கு அடியில அந்த இரும்பு ஸ்டாண்டு எதுக்குப்பா?"

"அது இல்லேன்னா முன்னாடி ரோடு தெரியாதே!"

"யாருக்குத் தெரியாது?"

அப்பா சீட்டையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நமக்குத்தான்டி தெரியாது!"

அவ்வளவுதான், ஸ்பேனர் பறந்தது. ஸ்டாண்டு வெளியே வந்தது. அத்தை காரின் தரையில் புதிதாகத் துளை போட்டார். அப்பா சீட்டைப் பின்னால் தள்ளி, தரையோடு வைத்து முறுக்கினார். அதுவரை டாக்டர் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, சில்வண்டின் ஆடும் பல்லைப் பார்த்தார்.

மறுபடி ஏறினார். தலை இடிக்கவில்லை. முழங்கால் முட்டவில்லை. கார் உறுமிக்கொண்டு தெருவில் பாய்ந்தது. சில்வண்டு நகத்தைக் கடித்தபடி வாசலிலேயே நின்றாள்.

திரும்பி வந்த டாக்டரின் கண் கலங்கியிருந்தது. "நிமிர்ந்து உட்கார்ந்து கார் ஓட்டறது இதுதான் முதல் தடவை. இது என் கார். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க!"

அத்தை சில்வண்டைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இருங்க மேடம், நானே காரைத் திருப்பி விடறேன்," என்று அப்பா மிடுக்காக ஏறி உட்கார்ந்தார். வெளியே இருந்து பார்த்தால் காருக்குள் ஆளையே காணோம்!

"ஒண்ணுமே தெரியலை! பிரேக்கும் எட்டலை!" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அப்பா இவ்வளவு சந்தோஷமாகக் கத்தி சில்வண்டு கேட்டதே இல்லை.