அந்த ஒரு மணி நேரம்

ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்த ராஜமேரியின் கையிலிருந்து துடுப்பைப் பிடுங்கினாள் மாமியார் ஆரோக்கியம்மாள்.

"உன் கையால ஆக்குனத எம் புள்ள திங்க வேணாம்டி! ஒரு வருசமா ஜெயிலு களி தின்னுட்டு வர்றான்... அதுவும் நீ போட்டதுதான்! வூட்டுக்கு வந்தும் உன் களியா?"

ராஜமேரி புகையில் எரிந்த கண்களை முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுப்பை விட்டு எழுந்தாள்.

அன்றுதான் அவள் புருஷன் சவரிராயன் சேலம் சிறையிலிருந்து வருகிறான். கொழுந்தன் மதலைமுத்து விடியற்காலைப் பஸ்ஸிலேயே அழைத்துவரப் போய்விட்டான். நானும் வருகிறேனே தம்பி என்று கேட்டதற்கு, "அனுப்பி வெச்சது போதாதா அண்ணி? கூட்டியாற வேற நீங்க வரணுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கோபத்துக்கும் காரணம் இருந்தது. கடத்தூரில் பேசி முடித்திருந்த பெண்ணை, ஜெயிலுக்குப் போன குடும்பம் என்று சொல்லித் தரமாட்டோம் என்றுவிட்டார்கள்.

எல்லாம் ஒரு சாயங்காலத்தில் நடந்தது.

மாரண்டஹள்ளியில் ஒரு தக்காளி மண்டிக்காரரின் பிளசர் காரை ஓட்டிக்கொண்டிருந்தான் சவரிராயன். போன வருஷம், ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளியின் தோட்டத்திலிருந்து தனியாகத் திரும்பியவன், ஏரிக்கரைத் திருப்பத்தில் நடந்து வந்த ஒரு பெண்ணின் மேல் காரை ஏற்றிவிட்டான். அவள் கரைச்சரிவில் உருண்டு விழுந்ததைப் பார்த்தான். வண்டியை நிறுத்தவில்லை. நாலு மைல் ஓட்டி வந்து, வீட்டு வாசலில் இறங்கி, நடந்ததை எல்லோரிடமும் சொன்னான்.

"உசுரு இருந்துச்சாங்க?" என்று ராஜமேரி கேட்டாள்.

"தெரியல மேரி... நான் பாக்கல..."

"அப்ப கெளம்புங்க. போயி பாப்போம்."

அதற்குள் ஆரோக்கியம்மாள் கதவை அடைத்துத் தாழ் போட்டு, அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டாள். "யாரும் பாக்கலையில்ல? அப்பறம் என்னாத்துக்குப் போவணும்? போனா ஊரே சேந்து அடிச்சிக் கொன்னுபுடும்! எம் பொணத்தத் தாண்டித்தான் எம் புள்ள வெளிய போவணும்!" வெளியே இருந்த மதலைமுத்து வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் வண்டியின் முன்பக்கத்தைக் கழுவினான். சவரிராயன் மூலையில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ராஜமேரி மாமியார் காலைப் பிடித்தாள். மாதா படத்தின் மேல் ஆணையிட்டுக் கெஞ்சினாள். புருஷனை உலுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மாட்டுக்கொட்டகைப் பக்கமாக வெளியேறி, ஏரிக்கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அரை மைல் போனபின் பின்னால் கார் சத்தம் கேட்டது. சவரிராயன்தான். அவள் போன வழியிலேயே அவனும் வெளியேறியிருந்தான்.

அந்தப் பெண்ணுக்கு உயிர் இருந்தது. பெயர் தீர்த்தம்மாள். ராஜமேரி அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு தர்மபுரி வரைக்கும் பேச்சுக் கொடுத்தபடியே போனாள். சவரிராயன் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, தானே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான். மூன்றாம் நாள் தீர்த்தம்மாள் இறந்தாள். சவரிராயனுக்கு ஒரு வருஷம் தண்டனை.

ஊரும் உறவும் ராஜமேரியைத்தான் பேசின. புருஷனைப் பிடித்துக் கொடுத்தவள் என்றார்கள். மாமியார் அதைப் பொழுது விடிந்தால் ஒருமுறை, விளக்கு வைத்தால் ஒருமுறை சொன்னாள். ஒரு வார்த்தை இருந்தது ராஜமேரியிடம். சொன்னால் அத்தனை வாயும் அடைத்துப்போகும். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவளிடம் சொன்ன வார்த்தை. "ரத்தம் போயிடுச்சும்மா. ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. எழுபதை நெருங்கும் மாமியார், ஒரு உயிர் போனதற்குத் தானே காரணம் என்று தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று எண்ணினாள். புருஷனுக்கும் தெரிய வேண்டாம், சிறைக்குள்ளே இதையும் சுமக்க வேண்டாம் என்று விழுங்கிவிட்டாள்.

நண்பகலில் சவரிராயன் வந்தான். தாடி நரைத்திருந்தது. ஆரோக்கியம்மாள் அவன் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். "ராசா... எலும்பும் தோலுமா வந்திருக்கியே! பாத்தியாடி? கண்ணு குளுரப் பாத்துக்கோ!"

ராஜமேரி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் வாங்கிக்கொண்டான், அவள் முகத்தைப் பார்க்காமலே.

"அன்னிக்கு நீ பேசாம இருந்திருக்கலாம் மேரி..."

இந்த ஒருவனாவது புரிந்துகொள்வான் என்றுதான் ஒரு வருஷத்தை ஓட்டினாள். "சரிங்க..." என்றாள். உள்ளே போய் இரண்டு சேலையை எடுத்துப் பையில் வைத்தாள். அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள்.

பையோடு வெளியே வந்தபோது வாசலில் ஒருவர் நின்றிருந்தார். கோர்ட்டில் பார்த்த முகம். தீர்த்தம்மாளின் புருஷன் நஞ்சப்பன்.

சவரிராயன் எழுந்து கைகூப்பினான். நஞ்சப்பன் அவனைப் பார்க்கவில்லை. ராஜமேரியிடம்தான் பேசினார்.

"சண்டைக்கு வரலம்மா. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அவ அஞ்சு மணி பஸ்ஸுல எறங்கி நடந்தா. ஆஸ்பத்திரி சீட்டுல ஏழே முக்கால்னு போட்டிருக்கு. ஒத்தையாளா தூக்க முடியாம பொண்டாட்டியக் கூட்டியாறப் போனான்னு உங்க வக்கீலு சொன்னாரு. போயி வர அரை மணி, தர்மபுரிக்கு ஒரு மணி... மிச்சம்? ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பொழைச்சிருப்பான்னு டாக்டரு எங்கிட்டயும் சொன்னாரு, உங்கிட்டயும் சொன்னாராமே. அந்த நேரத்துல நீங்கள்லாம் எங்கம்மா இருந்தீங்க?"

டாக்டர் சொன்னதை முதல்முறையாகக் கேட்ட சவரிராயன், ராஜமேரியைத் திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டாம் நாளு அவ கண்ணு முழிச்சா. ஒரு அம்மா என்னைய மடியில போட்டுக்கிட்டு வந்துச்சு, வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்துச்சுன்னு சொன்னா. அதான்... நீ உண்மையச் சொல்லுவேன்னு நம்பி வந்தேன்."

ராஜமேரி மாமியாரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாந்தாண்ணா... பயந்துபோயி நாந்தான் இவர வெளிய வுடல. என்னைய மன்னிச்சிருங்க..."

"பொய்யி!"

ஆரோக்கியம்மாள் கதவைப் பிடித்தபடி எழுந்தாள். "பொய் சொல்றா! அய்யா... அன்னிக்குக் கதவ அடைச்சி நின்ன பாவி நான்! இவ என் காலப் புடிச்சிக் கெஞ்சுனா... நான் எட்டி ஒதச்சேன்! கொன்னது நாந்தான்யா... சேசுவே... நானா அந்தப் புள்ளையக் கொன்னேன்?"

மதலைமுத்து சுவரோடு ஒண்டிக்கொண்டான். சவரிராயன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

நஞ்சப்பன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"தெரிஞ்சிக்கத்தான் வந்தேன். தெரிஞ்சிடுச்சு." திரும்பியவர் நின்றார். "இனி யாராச்சும் அடிபட்டுக் கெடந்தா... மொதல்ல தூக்குங்கய்யா. அப்பறமா பயப்படுங்க."

ஆரோக்கியம்மாள் மருமகளைக் கட்டிக்கொண்டாள். "ஒரு வருசமா ஒன்னைய அறுத்தேனேடி... டாக்டரு சொன்னத ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா தாங்குவீங்களா அத்த?"

இருவரும் அழுதார்கள். கிழவி அழ அழ, அவள் உடம்பு தன் கைகளுக்குள் இளைத்துக்கொண்டே போவதுபோல் இருந்தது ராஜமேரிக்கு. எது நடக்கக்கூடாதென்று ஒரு வருஷம் வாயைக் கட்டினாளோ, அது நடந்துவிட்டது.

சவரிராயன் எழுந்து வந்து அவள் தோளில் கிடந்த பையை வாங்கிக்கொண்டான். "நீ நடந்து போனதுக்கு முன்னாடியே நான் போயிருக்கணும் மேரி..."

ராஜமேரி பையை அவனிடமே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். தெருக்கோடியில், கொளுத்தும் வெயிலில் நஞ்சப்பன் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கூப்பிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல், அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.