மூன்று வருடத்தில் முளைத்த பாறை

கத்தி வாங்கத்தான் மூன்று பேரும் கிளம்பினார்கள். வாங்குவதற்குள் கடையையே ரெண்டாக்கிவிட்டார்கள்!

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் ஜைனுல் பாயின் சாமான் கடை. கண்ணாடி மேசைமேல் இருபது கத்திகள் வரிசையாகக் கிடந்தன. பெர்க்மான்ஸின் கண் முதல் பார்வையிலேயே ஒன்றில் ஒட்டிக்கொண்டது. மடக்குக் கத்தி. கன்னங்கரேல் என்று மின்னியது. பித்தானை அழுத்தினால் ‘சடக்’ என்று பாய்ந்து திறந்தது. பிடியில் ஒரு திசைகாட்டி, வாலில் ஒரு விசில்!

“இதுதாம்லே கத்தி!” என்று அவன் தெலஸ்போரின் முதுகில் ஒன்று வைத்தான்.

“விசிலு எதுக்கு மச்சான்? கடலுக்கடியில யாரைக் கூப்பிடப் போற?” என்றான் தெலஸ்போர். இவன் பெர்க்மான்ஸின் தாய்மாமன் மகன், படகு ஓட்டுகிறவன். வாய் மட்டும் எஞ்சின் இல்லாமலே ஓடும்.

பெர்க்மான்ஸின் தங்கை ரெக்சலின் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அவள் கடல்பாசி எடுப்பவள். காலையில் முங்கினால் மதியம்வரை பாறைகளோடு மல்லுக்கட்டு. இடுப்பில் கத்தி இல்லாமல் அவள் வீட்டுவாசல் தாண்டியதில்லை. அவள் ஒவ்வொரு கத்தியாக எடுத்தாள். முனையைப் பலகையில் ஊன்றி வளைத்துப் பார்த்தாள். பிடியைத் திருப்பி, உள்ளே இரும்பு எதுவரை போகிறது என்று பார்த்தாள். பாதியோடு நின்றதையெல்லாம் ஒதுக்கினாள். பிறகு, “பாய், ஒரு மக்குல சோப்புத் தண்ணி கிடைக்குமா?” என்றாள்.

“கத்தியைக் குளிப்பாட்டப் போறியாம்மா?”

“என் கையை நனைக்கணும். வழுக்குற பிடி எனக்கு ஆகாது.”

பாய் சிரித்துக்கொண்டே கொண்டுவந்தார். நனைந்த கையால் பிடித்தபோது நாலு கத்தி நழுவின, மூன்று நின்றன. பழைய நைலான் கயிற்றுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாலும் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். ஒன்றில்தான் கயிறு அறுந்தது. மடங்காத, நேரான கத்தி. அலகு அவளுடைய உள்ளங்கை நீளம்; துருப்பிடிக்காத இரும்பு, அதுவே பிடியின் கடைசிவரை ஓடியது. சொரசொரப்பான கறுப்புப் பிடி. தலைகீழாக உதறினாலும் உறையை விட்டு விழவில்லை. விலை, அண்ணன் பிடித்திருந்ததில் பாதிக்கும் கீழே.

“மீன் கழுவுற கத்தி மாதிரி இருக்கு!” என்றான் பெர்க்மான்ஸ்.

ரெக்சலின் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்து, “மடங்குற எடத்துல மணல் ஏறுனா என்ன ஆகும்னு விசில் ஊதிக் கேக்கச் சொல்லுங்க மச்சான்” என்றாள்.

அவள் அண்ணனிடம் நேராகப் பேசி மூன்று வருடமாகிறது. எது சொன்னாலும் சுவரைப் பார்த்தோ தெலஸ்போரைப் பார்த்தோதான்.

காரணம் ஒரு மணி. சிலுவைத்துறை மாதா கோயிலின் வெண்கல மணியில் நாக்கு உடைந்துபோக, தூத்துக்குடியில் பழுது பார்த்து வள்ளத்தில் ஊருக்கு எடுத்து வந்தவர் அவர்களுடைய அப்பா சூசைமரியான். வழியில் சுழற்காற்று. வள்ளம் போயிற்று, மணி போயிற்று. ஒரு பலகையைக் கட்டிப்பிடித்து மனிதர் மறுநாள் கரை ஒதுங்கினார். முதல் வாரம் ஊரே அவரைக் கட்டிக்கொண்டு அழுதது. அடுத்த மாதமே வெண்கலத்துக்கு என்ன விலை போகும் என்று பேச ஆரம்பித்துவிட்டது. மனுஷ நாக்குக்கு எலும்பா இருக்கிறது? அன்றிலிருந்து சூசைமரியான் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. பூசை நேரத்தில் மதிலுக்கு வெளியே நிற்பார். ஊர் பேசியதைக்கூட ரெக்சலின் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் பெர்க்மான்ஸே ஆத்திரத்தில், “வித்திருந்தா வித்தேன்னு சொல்லித் தொலைங்கப்பா!” என்று கத்திவிட்டான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அன்றோடு ‘அண்ணே’ என்ற சொல் அவள் வாயில் செத்துப்போனது.

மணி எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். பாசி எடுக்கும் பெண்கள் கரையில் பேசிக்கொண்டார்கள்: தெற்குப் பாரில், அதாவது கடலுக்கடியில் இருக்கும் அந்தப் பாறைத் திட்டில், ஓரிடத்தில் போட்ட வலையெல்லாம் சிக்கிக் கிழிகிறதாம். “எத்தனை நாளா?” என்று கேட்டாள். “ஒரு மூணு வருசமாத்தான்” என்று பதில் வந்தது. ரெக்சலினுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று வருடத்தில் பாறை முளைக்குமா?

கத்தி வாங்கப் போன நாளிலிருந்து மூன்றாம் நாள் கோயில் கொடியேற்றம். கொடி ஏறிவிட்டால் பத்து நாள் ஊரில் படகு இறங்காது. அதற்குள் காற்று மாறி, தண்ணீர் கலங்கிவிடும். இடையில் இருப்பது ஒரே ஒரு பகல். அந்த ஒரு பகலில் மூன்று வருடத்து வலைக் குப்பையை அறுக்க வேண்டும். அதற்குத்தான் கத்தி.

கடைசியில் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ரெக்சலின் தன் கத்தியின் பிடித்துளையில் பளீரென்ற ஆரஞ்சு நிறக் கயிற்றை ஒரு முழம் கட்டிவிட்டாள்.

“கத்திக்கு ரிப்பன் வேறயா!” என்று பெர்க்மான்ஸ் சிரித்தான்.

விடிந்து ஒரு மணி நேரத்தில் படகு தெற்குப் பாருக்கு மேல் நின்றது. தண்ணீர் கண்ணாடி! ஆனால் அடியில் நீரோட்டம் இழுத்தது. நங்கூரக் கயிறு விறைத்து நின்றது.

“ரெக்சி, அந்தக் கத்தியைக் கொடு, இந்தக் கயிறை நறுக்கிக்கிடுதேன்” என்று தெலஸ்போர் கை நீட்டினான். ரெக்சலின் கத்தியைப் பலகைமேல் வைத்தாள். அவன் அங்கிருந்து எடுத்துக்கொண்டான். அந்த ஊரில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் சண்டை வரும் என்று நம்பிக்கை. பேச்சுப் பழகும் முன்பே பிள்ளைகளுக்கு அது பழகிவிடும்.

“நீங்க ரெண்டு பேரும் போடுத சண்டைக்குக் கத்தியைத் தூக்கியே எறிஞ்சுக்கிடலாம்” என்று தெலஸ்போர் முணுமுணுத்தான். இருவரும் கடலைப் பார்த்தார்கள்.

பெர்க்மான்ஸ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். அவன் சங்கு குளிப்பவன்; ஆறு பாகம் ஆழம், அதாவது ஒரு தென்னைமர உயரம், அவனுக்குப் பெரிதில்லை. “ரெண்டு இழுப்பு இழுத்தா மேல தூக்கு. மூணு இழுத்தா ஆபத்து” என்று தெலஸ்போரிடம் சொல்லிவிட்டுக் குதித்தான்.

ஒரு நிமிடம் கழித்துத் தலை தெரிந்தது. “வலை மேல வலை! மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. நடுவுல என்னமோ உருண்டையா முட்டிக்கிட்டு நிக்குது!”

அண்ணனும் தங்கையும் மாறி மாறி முங்கினார்கள். அவள் அறுத்தால் நைலான் கொத்துக் கொத்தாக அறுந்தது. அவன் கத்தியும் முதலில் நன்றாகத்தான் வெட்டியது. நாலாவது முறை மேலே வந்தபோது பித்தான் இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்துத் திறந்தான்.

“என் கத்தியை எடுத்துக்கிடச் சொல்லுங்க மச்சான்” என்றாள் ரெக்சலின், கடலைப் பார்த்து.

“தேவையில்லைன்னு சொல்லு” என்றான் பெர்க்மான்ஸ். வீம்பு! ஐந்தாவது முறையாக முங்கினான்.

தெலஸ்போர் கயிற்றைப் பிடித்திருந்தான். அரை நிமிடம். ஒரு நிமிடம். திடீரென்று கயிறு துடித்தது. ஒன்று... இரண்டு... மூன்று!

“ஐயோ மாதாவே!” தெலஸ்போர் முழு பலத்தோடு இழுத்தான். கயிறு அசையவில்லை.

“இழுக்காதீங்க! வலை இறுகும்! விடுங்க!” ரெக்சலின் கத்திக்கொண்டே குதித்தாள்.

கீழே ஒரே கலங்கல். பெர்க்மான்ஸின் வலது கால் கணுக்கால்வரை வலைக்குள். இடுப்புக் கயிறு முதுகுப் பக்கமாகப் போய்ப் பாறை இடுக்கில் இன்னொரு வலையோடு பின்னிக்கொண்டிருந்தது. அவன் விரலிலிருந்து ரத்தம் புகைபோல எழுந்தது. மணல் ஏறிய பூட்டு வழுக்கி, மடக்குக் கத்தி அவன் விரலிலேயே மடங்கியிருக்கிறது. கத்தி போன இடம் தெரியவில்லை.

ரெக்சலின் காலைப் பிடித்தாள். ஒரு இழுப்பு, இரண்டு, மூன்று. கால் விடுபட்டது! இனி இடுப்பு. அவள் சுற்றிப் போக முடியவில்லை. நடுவே, அவன் இடுப்பை மறைத்து வலை திரைபோலத் தொங்கியது. அந்த இடுக்குக்கு அவன் கை ஒன்றுதான் எட்டும். அவளுக்கும் மூச்சு முட்ட ஆரம்பித்தது. கத்தியை அவனிடம் கொடுக்க வேண்டும்.

அவன் கையை நீட்டினான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? பாறைமேல் வைத்தாள்!

இருபத்துநாலு வருடப் பழக்கம். மூளை யோசிப்பதற்குள் கை செய்து முடித்துவிட்டது. அவன் விரல் தொடுவதற்குள் நீரோட்டம் கத்தியைப் புரட்டியது. பாறை விளிம்பில் ஒரு கணம் நின்றது. பிறகு வலைக் குவியலுக்குள் விழுந்துவிட்டது.

பெர்க்மான்ஸின் வாயிலிருந்து குமிழிகள் வந்தன. கண்கள் விரிந்தன. என் அண்ணனை நானே கொன்றுவிட்டேனா? கலங்கலுக்குள் பைத்தியம்போலத் துழாவினாள். பச்சை, பழுப்பு, கறுப்பு. எல்லாம் வலை. அதோ! ஆரஞ்சு!

கயிற்றைப் பற்றி இழுத்தாள். கத்தி வந்தது. இம்முறை அவன் மணிக்கட்டைப் பிடித்து, பிடியை அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களைத் தன் இரண்டு கைகளாலும் அழுத்தி மூடினாள். அவன் கை முதுகுப்புறம் போயிற்று. ஒரே இழுப்பு! கயிறு அறுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு மேலே பாய்ந்தார்கள்.

படகில் கிடந்து இருவரும் இருமினார்கள். தெலஸ்போர் அழுதுகொண்டே இருவரையும் திட்டினான். பெர்க்மான்ஸ் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டான். கத்தி அவன் மடியில் இருந்தது.

“கீழ வச்சுட்டேன்” என்றாள் ரெக்சலின். “உன் கையில கொடுக்காம கீழ வச்சுட்டேன், அண்ணே.”

தெலஸ்போர் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். பெர்க்மான்ஸ் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டான், தோள்கள் குலுங்கின.

“போதும், கரைக்குப் போயிருவோம்” என்றான் தெலஸ்போர்.

“அப்பா மதிலுக்கு வெளிய நிக்காரு மச்சான்” என்றாள் ரெக்சலின். சூரியன் உச்சியைத் தாண்டியிருந்தது. அவள் தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். பெர்க்மான்ஸ் எழுந்து, கத்தியை அவள் கையிலேயே கொடுத்தான்.

அவள் நான்கு முறை முங்கினாள். மூன்றாவது முறை கடைசி வலை கழன்றது. பாசி பிடித்த வெண்கலம் தெரிந்தது! அதன் கழுத்தில், புழு அரித்த வள்ளக் கட்டை ஒன்றோடு சேர்த்து, நைலான் கயிறு இன்னும் இறுகக் கட்டியபடியே இருந்தது. முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள். இடப்பக்கம் சுற்றி ஏறிய முடிச்சு. சிலுவைத்துறையில் இடக்கைப் பழக்கமுள்ள படகுக்காரர் ஒருவர்தான். கடலுக்கடியில் அழுதால் கண்ணீர் தெரியாது. அவள் அழுதாள்.

நாலாவது முறை அவள் கட்டிவிட்டு வந்த கயிற்றால் நாற்பது கிலோ மணியை மூவரும் சேர்ந்து ஏற்றியபோது படகே ஒருபக்கம் சாய்ந்தது. கரை தெரிந்ததும் தெலஸ்போர் பொறுக்கமாட்டாமல் மணியைத் துடுப்பில் தொங்கவிட்டு, எஞ்சின் ஸ்பானரால் ஒரு அடி அடித்தான்.

மூன்று வருடம் கேட்காத சத்தம்! கொடிக்கம்பத்துக்கு வர்ணம் அடித்தவர்கள் தூரிகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். படகு தரை தட்டுமுன் ஊரே அலையில் நின்றது. மணியைத் தூக்கிக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். ஊர்த்தலைவர் குனிந்து முடிச்சைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். எழுந்து, மதிலோரம் நின்ற சூசைமரியானிடம் நேராக நடந்து போனார்.

“நாங்க பேசுனது பாவம் ஓய்” என்றார். “உள்ள வாரும். நீரு கட்டுன கயிறை நீரே அறுக்கணும்.”

சூசைமரியான் மெல்ல உள்ளே வந்தார். மணிக்கு முன்னால் மண்டியிட்டு, இடக்கையால் அந்த முடிச்சைத் தொட்டார். “கத்தி” என்றார்.

பெர்க்மான்ஸ் தங்கையின் இடுப்பிலிருந்து கத்தியை உருவி, பிடியை முன்னால் வைத்து அப்பாவிடம் நீட்டினான்.

“கீழ வைலே. கையில கொடுத்தா சண்டை வரும்.”

“உங்ககிட்ட நான் போட்ட சண்டையே ஆயுசுக்கும் போதும்பா” என்றான் அவன். “கையிலயே வாங்கிக்கிடுங்க.”

கிழவர் மகனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கத்தியைக் கையிலேயே வாங்கினார். ஒரே இழுப்பு. கயிறு அறுந்து விழுந்தது.

மணி மேலே ஏறி முதல் முறை அடித்தபோது ரெக்சலின் அங்கே இல்லை. கிணற்றடியில் கத்தியின் உப்பை நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். திருவிழா முடிந்தால் அவளுக்குப் பாசி இருக்கிறது.

“ஏட்டி” என்று பின்னாலிருந்து பெர்க்மான்ஸ் கூப்பிட்டான். “அந்த ரிப்பன் கயிறு இன்னொரு முழம் இருக்கா?”