கூட வந்தவுக

நின்ற பிறகும் ஒரு காலடி கேட்டது.

ஓடைப் பாலத்தின் மேல் பூமிநாதன் இடுப்பில் கைகளை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மார்கழி அப்போதுதான் பிறந்திருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல மரங்கள் பனிக்குள் பாதி மறைந்து நிற்க, தூரத்துக் கரிமூட்டங்களின் புகை எது, பனி எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் தரையோடு தாழ்ந்து கிடக்க, தன் நெஞ்சு அடிக்கிற சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழாமல் அவன் நின்றிருந்தபோதுதான் அது கேட்டது. தொப். ஓடுகிறவனுக்குக் கால் ஒன்று மாற்றி ஒன்று விழும். இது இரண்டு காலும் சேர்ந்து விழுந்த சத்தம்.

திரும்பிப் பார்த்தான். ரோடு காலியாக இருந்தது. நரியாக இருக்கும், இல்லாவிட்டால் வெறும் வயிற்றோடு ஓடினால் காதடைத்து இப்படித்தான் ஏதாவது கேட்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினான். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் வேகமாகவே ஓடினான்.

அவன் கப்பு வாங்குவதற்காக ஓடுகிறவன் இல்லை. எண்பத்தெட்டாம் வருஷம் அந்தக் கரிசல் காட்டில் அப்படி ஓடுகிறவன் எவனும் கிடையாது. திருச்சுழிப் பக்கத்து அந்த ஊரின் அம்மன் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தவள் என்று பேச்சு. அவளுடைய அக்காள் இன்னும் அங்கேதான் ஒரு சின்னக் கோயிலில் இருக்கிறாள். மார்கழி முடிகிற அன்றைக்கு அக்காள் வீட்டு நெருப்பை இளவட்டங்கள் பந்தத்தில் ஏற்றி, கை மாற்றிக் கை மாற்றி ஓடிவந்து தங்கச்சி வீட்டில் சேர்ப்பார்கள். அதிலிருந்து ஊர் முழுக்க விளக்கு ஏறும். பெரிய நேர்ச்சை உள்ளவன் மட்டும் அவ்வளவு தூரத்தையும் ஒத்தையாளாக ஓடலாம். அவன் வீட்டில்தான் முதல் விளக்கு. ஆனால் பந்தம் கை மாறக் கூடாது. தரையைத் தொடக் கூடாது. அணைந்தால் தீப்பெட்டியைத் தொடக் கூடாது, திரும்பக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும்.

பூமிநாதனின் நேர்ச்சை பெரியதுதான். இரண்டு பிள்ளைகளைத் துணியில் சுற்றித் தன் கையாலேயே கொண்டுபோய்ப் புதைத்தவன் அவன். இரண்டும் பேர் வைக்கும் முன்பே போய்விட்டன. மூன்றாவது, பெண், கார்த்திகை மழையில் பிறந்து அழாமல் நீலம் பாரித்துக் கிடந்தபோது, "ஒத்தையாளா ஓடியாரேன் தாயி, இதை மட்டும் விட்டுரு" என்று தொண்டை கிழியக் கத்தினான். பிள்ளை அழுதது. அன்றிலிருந்து அதன் அழுகையைக் கேட்டால்தான் அவனுக்கு மூச்சே சீராக வந்தது. ஜோதி வந்து சேர்ந்த பிறகுதான் பேர் வைப்பது, தொட்டிலில் போடுவது எல்லாம் என்று அவனும் பெண்டாட்டி பேச்சியும் பேசி வைத்திருந்தார்கள். தொட்டிலுக்கு வாங்கி வைத்த சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது.

ஆகவே ஓடினான். கை பழகுவதற்காக ஒரு கருவேலங்கட்டையைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, தினமும் விடியற்காலையில் எம்.ரெட்டியபட்டி வரை போய்த் திரும்பினான். கால் நகம் ஒன்று கறுத்து விழுந்தது. தொடை கல்லாக இறுகியது. டீக்கடையில், "ஏலே பூமி, பஸ்ஸு வரலையா? நடையைக் கட்டிட்ட?" என்று சிரித்தார்கள். சிரிக்காதவர் பொன்னுச்சாமி ஒருவர்தான். ஓடைக்கு ஊர்ப் பக்கம், விறகை மண்ணால் மூடிப் புகையவிட்டுக் கரிமூட்டம் போட்டு ராவும் பகலும் காவல் இருக்கிற மனுஷர். திரும்பி வரும்போதெல்லாம் அவனை நெருப்போரம் உட்கார வைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுப்பார். அவருக்கும் பிள்ளை இல்லை. "உன் மகளை நாந்தான்லே தொட்டில்ல போடுவேன்" என்பார்.

மார்கழி முடிகிற அன்றைக்கு, பந்தத்தோடு அவன் கடற்கரையிலிருந்து புறப்பட்டது உச்சிவெயிலில். மச்சினன் ராஜகுரு எண்ணெய்க் கேனை டிவிஎஸ் ஃபிப்டியில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தான். எட்டயபுரம் தாண்டும்போது பொழுது சாய்ந்து, உப்புக் காற்று நின்று, கரிசல் மண்ணின் குளிர் பாதத்தின் வழியாக ஏறத் தொடங்கியது. எதிரே வந்த லாரிக்காரர்கள் ஆரனை அமுக்காமல் விளக்கைத் தாழ்த்தி ஒதுங்கினார்கள். பந்தல்குடியில் ராஜகுருவின் வண்டி செயின் அறுந்தது.

"நீங்க போங்க மச்சான். லோடு வண்டி எதையாச்சும் பிடிச்சு வந்து சேந்துடுறேன்" என்று அவன் பந்தத்தில் எண்ணெயை முட்ட முட்ட ஊற்றினான்.

"சீக்கிரம் வா மாப்ள."

அவ்வளவுதான். பெரிய ரோட்டை விட்டுக் கிழக்கே திரும்பியதும் லாரிச் சத்தமும் இல்லாமல் போனது. இத்தனை தூரம் ஓடிய பிறகு கால் தன்னுடையது என்கிற நினைப்பே அவனுக்கு இல்லை. அது பாட்டுக்கு விழுந்து எழுந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு பனியை அந்த மார்கழி முழுக்க அவன் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் ஈரத்துணியைக் கடித்த மாதிரி இருந்தது. புருவத்திலிருந்தும் பந்தத்தின் பிடியிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. ரெட்டியபட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்பான். ஜோதி குறுகியது. ஒருமுறை நீலமாக எழுந்தது. அணைந்தது.

நின்றுவிட்டான். எண்ணெய் இருந்தது. திரி இருந்தது. நெருப்பு மட்டும் இல்லை. வெறும் பனி பட்டு அணைந்துபோனதை அவனால் நம்ப முடியவில்லை. திரும்பிக் கடற்கரைக்கு ஓட இந்த உடம்பில் உயிர் இல்லை. வீட்டில் பேச்சி விளக்கைத் துலக்கித் திரி போட்டு வைத்திருப்பாள். "அய்யோ, என் பிள்ளை" என்று வாய்விட்டே அழுதான்.

அப்போது வலப்பக்கம், பனிக்குள், சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரிந்தது.

பொன்னுச்சாமியின் மூட்டம்! ஓடைப் பாலத்தை எப்போது தாண்டினோம் என்று அவன் யோசிக்கவில்லை. அணைந்ததும் அக்காள் நெருப்புத்தான், எரிவதும் நெருப்புத்தான், பார்த்தவன் யார் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. ரோட்டை விட்டு இறங்கி ஓடினான். காலில் ஏதோ ஓட்டுச் சில்லு குத்தியது. நெருப்போரம் ஒருவர் புது வெள்ளைத் துணியைத் தலையோடு போர்த்தி, தாடையைச் சுற்றிக் கட்டி, முதுகைக் காட்டிக் குத்தவைத்திருந்தார். அந்தக் குளிருக்கு எல்லாரும் அப்படித்தான் உட்காருவார்கள்.

"அண்ணே, ஜோதி அணைஞ்சு போச்சு. யார்ட்டயும் சொல்லிறாதீக. கொஞ்சம் நெருப்பு எடுத்துக்கிறேன்."

பந்தத்தை நீட்டினான். குப்பென்று பற்றியது. முடி பொசுங்குகிற மாதிரி ஒரு வாடை மூக்கில் ஏறியது. சந்தோஷத்தில் அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றியில் நெஞ்சு நிறைந்து, திரும்புகிறபோது எப்போதும் சொல்கிறதைச் சொன்னான்.

"போயிட்டு வாரேன்ணே. விடிஞ்சதும் வீட்டுக்கு வந்துருங்க. பிள்ளையைத் தொட்டில்ல போடணும்ல, மறந்துறாதீக."

கட்டிய வாய்க்குள்ளிருந்து மெதுவாகப் பதில் வந்தது.

"வாரேன்."

ரோடு ஏறி ஓடினான். உயிர் திரும்பியிருந்தது. ஓடைப் பாலம் வந்தது.

பாலம் இப்போதுதான் வந்தது.

கால் தானாக மெதுவானது. பொன்னுச்சாமியின் மூட்டம் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஊர்ப் பக்கம் அல்லவா? பாலத்துக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். பந்தத்தைத் தாழ்த்திப் பாதத்தைப் பார்த்தான். ஈரத்தில் நெல்பொரி ஒட்டியிருந்தது. ஒரு செவ்வந்தி இதழ். குத்திய சில்லு, உடைத்த கொள்ளிப்பானையின் சில்லு. அப்போது பார்த்தும் பார்க்காமல் விட்டது இப்போது கண்ணுக்குள் வந்து நின்றது. குத்தவைத்திருந்தவரின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணிக்கிழிசலால் கட்டியிருந்தது.

அந்த இடத்தில் போயிட்டு வாரேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல்தான் வருவார்கள். அவன் வாரேன் என்றும் சொல்லி, வீட்டுக்கு வா என்றும் கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான்.

தொப்.

பின்னால்.

ஓடினான். ஜோதி காற்றுக்குப் பின்னால் சாயவில்லை. முன்னால் சாய்ந்தது, ஊரைப் பார்த்து. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிஜமான மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கம்பளியும் கையில் டம்ளருமாகப் பொன்னுச்சாமி எழுந்து நின்றார்.

"வந்துட்டியாலே! காப்பி குடிச்சுட்டு..." அவர் நிறுத்தினார். "ஏலே பூமி, யாருலே கூட ஓடியாரது?"

"அண்ணே..."

"ஓடலையே. குதிச்சுல வருது." டம்ளர் கீழே விழுந்தது. "நெருப்பை எங்கலே எடுத்த? நேத்துப் பொழுதடைய அங்க ஒரு ஆளை எரிச்சாகளே..."

கரியை அணைப்பதற்காக அவர் வைத்திருந்த தகர டிரம்மில் தண்ணீர் நிறைய இருந்தது. நேர்ச்சை போனால் போகட்டும், இது வீட்டுக்குப் போகக் கூடாது என்று பூமிநாதன் பந்தத்தை அடிவரை முக்கினான். தண்ணீருக்குள் அது எரிந்தது. சத்தமில்லாமல், மஞ்சளாக, டிரம்மின் அடித்தகரம் தெரிகிற அளவுக்கு எரிந்தது. வெளியே எடுத்தபோது இன்னும் பெரிதாக இருந்தது. வீசி எறியப் பார்த்தான். விரல்கள் விரியவில்லை.

பொன்னுச்சாமி கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "போயிருலே. இங்கன நிக்காத. போயிரு."

எங்கே போவது? பின்னால் அது. முன்னால் வீடு. ஊரைச் சுற்றிக்கொண்டு திருச்சுழிப் பக்கமாக ஓடிவிடலாம், விழும் வரைக்கும் ஓடலாம், காட்டுக்குள் கிடந்து சாகலாம் என்று நினைத்தான். ஊர் எல்லையில் கொட்டுச் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து ஊரே எதிர்கொண்டு வந்தது.

"வேண்டாம்! கிட்ட வராதீக!"

தொண்டையில் காற்று மட்டும்தான் வந்தது. உடம்பு நடுங்கியது, வாயோரம் நுரை.

"சாமி வந்திருச்சுடோய்!" பெண்கள் குலவையிட்டார்கள். பந்தம் கை மாறக் கூடாது என்று, பந்தத்தோடு சேர்த்து அவனையே தோளில் தூக்கினார்கள். உதறினான். இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். உறுமி முழங்கியது. அதற்கு அடியில். தொப். யாருக்கும் கேட்கவில்லை. தொப்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. வாசல்படியில் பேச்சி குத்துவிளக்கோடு நின்றாள். தலைக்குக் குளித்து, புதுச்சேலை கட்டி, அழுதுகொண்டே சிரித்தாள். அவன் மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம். வேண்டாம் பேச்சி. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தித் திரியைக் கொளுத்திக்கொண்டாள். ஒவ்வொருத்தராக அகல்விளக்கை நீட்டினார்கள். அவன் கையிலிருந்து நெருப்பு தெரு முழுக்க நடந்து போனது.

பேச்சி அவன் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"வாங்கண்ணே. பொன்னுச்சாமி அண்ணனா? பனிக்கு இப்படி மூடிக்கிட்டு வந்தா யாருன்னு தெரியுது! வாசல்ல நிக்காதீக, உள்ள வாங்க. தொட்டில் கட்டியாச்சு."

தொப். வாசல்படி.

தொப். உள்ளே.

பிள்ளையின் அழுகை நின்றது.

"பாத்தீகளா, அண்ணன் கை பட்டதும் அமந்துருச்சு" என்றாள் பேச்சி.

அவன் படியைத் தாண்டினான். வீட்டுக்குள் யாரும் இல்லை. மெழுகிய தரையில் சாம்பல் தடங்கள் வாசலிலிருந்து தொட்டில் வரை போயிருந்தன, இரண்டு பாதமும் ஒட்டி ஒட்டி. திரும்பி வந்த தடம் இல்லை. சேலைத் தொட்டில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் மடிப்பிலிருந்து இரண்டு சின்னக் கால்கள் வெளியே நீட்டியிருந்தன. கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து, புது வெள்ளைத் துணிக்கிழிசலால், இறுக்கிக் கட்டியிருந்தது.