இங்கே ஒரு குறையும் இல்லை

சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு சின்ன இருமல் வந்தது. நேற்றும் அதே இடத்தில்தான் வந்தது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் கிழவர் தன் தோளில் சாய்ந்து குறட்டை விட்ட கதையை அவள் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். நான்கு ஏற்றம், ஒரு இறக்கம், மூச்சை இழுக்கும் சத்தம், கடைசியில் அந்த இருமல். வேறு ஒருத்தியாக இருந்தால் கவனித்திருக்க மாட்டாள். இவள் பன்னிரண்டு வருஷமாக, டாக்டர்கள் முணுமுணுத்துப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவள். ஒரு இருமலுக்கும் இன்னொரு இருமலுக்கும் வித்தியாசம் தெரியாத காது அந்த வேலையில் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காது.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை பார்க்க வேண்டுமா என்று தன்னையே கடிந்துகொண்டு அவள் காபி போடப் போனாள்.

நகரத்தில் இருந்தவரை அவன் சிரித்து அவள் பார்த்ததே குறைவு. லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்தால் சோற்றில் குறை, சத்தத்தில் குறை, மேல்வீட்டுக்காரன் நாற்காலி இழுப்பதில் குறை. சிடுமூஞ்சி என்றே அவனுக்குப் பெயர் வைத்திருந்தாள். இந்த நாட்டில், இந்த வயல்வெளி ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவனைக் கெஞ்சியும் மிரட்டியும் இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான்.

வந்த முதல் வாரமே அவளுக்கு இந்த இடம் பிடித்துப்போனது. காலையில் புல்வெளிமேல் கிடக்கும் மூடுபனி, கொடியில் காய்ந்த துணியில் ஏறியிருக்கும் காற்றின் வாசனை, வேலி ஓரமாக சைக்கிளில் போகும்போது கூடவே பறந்து வரும் பெயர் தெரியாத குருவிகள். முப்பத்தெட்டு வயதில் சின்னப் பிள்ளைபோல் ஈரப்புல்லில் வெறுங்காலோடு நடந்தாள். அவனோ கஷாயம் குடித்த முகத்தோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "மனுஷன் இருக்குற இடமா இது?" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்டான்.

ஆனால் ஊரில் இருக்கும் அம்மாவிடம் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டான். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லும் பொய்யில் பாவம் கிடையாது என்பது இரண்டு பேருக்குமே நினைப்பு. வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காது. வயலின் கோடியில், மண்ணுக்கடியில் புதைந்திருந்த பழைய தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடிமேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். மூடிக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு காற்றுக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். குளிரில் விரல் விறைத்துப்போவதால் போனைக் குழாய் வாயில் வைத்துவிட்டு, கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு குரல் செய்தி பதிவு செய்வார்கள். வலிந்து ஒரு சிரிப்பு. பிறகு, "நல்லா இருக்கேம்மா. ஒரு குறையும் இல்ல. குளிரெல்லாம் பழகிடுச்சு." அனுப்பிவிட்டு இறங்கும்போது அவன் முகம் பழையபடி தொங்கிப்போயிருக்கும்.

ஐந்து வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவன் தனியாகப் போனான். திரும்பி வர வெகுநேரமானது. காலணி முழுக்கச் சேறு. ஆனால் சிரித்துக்கொண்டே வந்தான்.

அன்றிலிருந்து வீடே மாறிவிட்டது. அவன் சமைத்தான். பாத்திரம் கழுவினான். சோபாவில் அவள் காலை மடியில் எடுத்து வைத்துப் பதமாகப் பிடித்துவிட்டான். என்ன கேட்டாலும் நல்லா இருக்கேன், ஒரு குறையும் இல்ல. சிடுமூஞ்சி என்று சீண்டினால் முறைப்பதற்குப் பதில் சிரித்தான். அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வந்த சந்தோஷத்தை நிறுத்தி வைத்து யாராவது விசாரிப்பார்களா?

அதன்பின் தினமும் அத்தைக்குக் குரல் செய்தி அனுப்புவது அவள் வேலையானது. அவன் பக்கத்தில் நின்று சிரிப்பதோடு சரி. அவளும் முதலில் சிரித்துவிட்டுத்தான் தொடங்குவாள். "அத்தை, இங்க எவ்வளவு அமைதி பாருங்க. நீங்களே ஒருதடவை வந்து பாருங்களேன்." போன வாரம் அத்தை, பின்னால் யாரோ அழுகிற மாதிரி இருக்கிறதே என்று கேட்டிருந்தாள். "காத்து அத்தை" என்று இவள் பதில் அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மூடிமேல் ஏறியதும் போன் கிணுகிணுத்தது. அத்தையின் செய்தி. நடுங்குகிற குரல்.

"ஏம்மா, நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுட்டேன். அது காத்து இல்ல. பெத்தவளுக்குத் தெரியாதா? சிரிக்கிறானே, அது எம்புள்ள இல்லம்மா. அழறானே, அவன்தான்."

அவள் மூடியிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு வேலைக்கான ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நேற்று அனுப்பிய செய்தி. புரியாத பதிவை மூன்று தடவை கேட்க வேண்டும் என்பது தொழில் பழக்கம். முதல் தடவை அவளுடைய சிரிப்பு, அவனுடைய சிரிப்பு, இருமல், புல்லில் உரசும் காற்று. இரண்டாம் தடவை எல்லாவற்றுக்கும் அடியில், ஈரச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒரு மூச்சு. மூன்றாம் தடவை சத்தத்தை முழுக்க ஏற்றினாள்.

"சிரிக்காத."

வறண்டு, கிழிந்துபோன குரல். அலுப்பும் கோபமும் கலந்த, சோற்றில் உப்பில்லை என்று சொல்லும் அதே குரல்.

"இங்க நின்னு சிரிக்காத. அது கேக்குது."

அவள் பின்னோக்கிப் போனாள். பத்து நாளுக்கு முந்தையது. இருபது நாளுக்கு முந்தையது. பின்னால் போகப் போகக் குரல் பலப்பட்டுக்கொண்டே வந்தது. முதல் நாள் பதிவில் அவன் அலறினான். அவள் பெயரைச் சொல்லி, அம்மாவைச் சொல்லி, இரும்பை ஓங்கி ஓங்கி அடித்து அலறினான். அந்தச் சத்தம் அன்றைக்கே அவள் காதில் விழுந்தது. பக்கத்துப் பண்ணைக் கன்றுக்குட்டி என்று தானாகவே முடிவு செய்துகொண்டு, அதன்மேல் நின்றபடி சிரித்திருக்கிறாள்.

அடுப்படியில் தாளிக்கிற வாசனை எழுந்தது. அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்தான். மடியில் காலை வைத்துக்கொள்ளும் அந்தக் கைகளின் சூடு அவளுக்கு நினைவு வந்தது.

அவள் விரல் முதல் நாள் பதிவைத் தொட்டு, அழி என்பதையும் தொட்டுவிட்டது.

அழிந்துபோனது. அலறல் இல்லை. அவ்வளவு சுலபம். இன்னும் முப்பத்துமூன்று இருந்தன. அடுத்ததையும் அழித்தாள். மூன்றாவதில் விரல் நின்றது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவனை இங்கே இழுத்துக்கொண்டு வந்தது அவள். சந்தோஷமாக இரு, இரு என்று நச்சரித்ததும் அவள்.

பின்வாசல் வழியாக இறங்கி, அவனுடைய கருவிப் பெட்டியிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. புல்வெளிமேல் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. மூடியின் விளிம்பில் மண்ணும் புல்லும் கெட்டித்துக் கிடந்தன. நெம்பினாள். உள்ளங்கை கிழிந்தது. இரும்பு அசைந்து, நகர்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்தது. பாசியும் மூத்திரமும் அழுகிய இலையும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது.

கீழே, இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு முகம்.

தோல் ஊறி வெளுத்திருந்தது. கன்னம் ஒட்டி, தாடி பாசி படிந்திருந்தது. கண்கள் மட்டும் அவனுடையவை. அவளை முறைத்தன.

"மூடுடி," என்றான். "ஓடு."

"ஏங்க..."

"பேசாத. எத்தனை தடவை சொல்றது. அது கத்துக்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்துச்சு."

"என்ன பாக்கி?"

அவன் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான். வெளுத்த உதடுகள் கோணிக்கொண்டு, அவன் அழ ஆரம்பித்தான்.

வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

அவனுடையது அல்ல. பெண்ணின் சிரிப்பு. இரண்டு தடவை குலுங்கி, மூக்கால் முடிகிற சிரிப்பு. தினமும் போனைக் குழாய்மேல் வைத்துவிட்டு, அத்தைக்காக அவள் வலிந்து சிரித்த சிரிப்பு.

அவள் திரும்பினாள். விளக்கெரியும் அடுப்படி ஜன்னலில் அவளே நின்றுகொண்டிருந்தாள். அதே நீலக் கம்பளிச் சட்டை. அவிழ்ந்து விழுந்த அதே கொண்டை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அது கையை உயர்த்தி ஆட்டியது. பக்கத்தில் அவன் இல்லை.

முதுகில் ஒரு கை பட்டது. சூடான கை. பதமாகப் பிடித்துவிடும் கை.

நான்கு ஏற்றம். ஒரு இறக்கம். மூச்சு.

இருமல் காதருகில் கேட்டபோது அவள் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தாள்.

தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. மேலே இரும்பு இழுபட்டது. வட்டம் பிறையானது. பிறை கோடானது. பிறகு இல்லை. குழாயின் வாய் மட்டும் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெளுத்துத் தெரிந்தது. இருட்டில் அவன் அவளைத் தேடிப் பிடித்து, அவள் வாயைத் தன் ஊறிய கையால் பொத்தினான். அவள் அதைத் தட்டிவிட்டு அலறினாள். தொண்டை கிழிய அலறினாள். அவனும் சேர்ந்துகொண்டான்.

மூடிமேல் காலடிகள் ஏறின. குழாய் வாயில் ஏதோ உரசி, அந்த வெளிச்சமும் மறைந்தது. போன்.

இரண்டு சிரிப்புகள். இருமல்.

"அத்தை, இங்க எவ்வளவு அமைதி பாருங்க."

அவர்கள் அலறிக்கொண்டே இருந்தார்கள். பிறகு கிணுகிணுவென்று ஒரு சத்தம். குழாய் வழியாக, வெகு தூரத்திலிருந்து, அந்த வயதான குரல் இறங்கி வந்தது.

"ஏம்மா... இன்னைக்கு ரெண்டு பேரு அழற மாதிரி கேக்குதே?"

மேலே அவள் குரல் சிரித்தது.

"காத்து அத்தை," என்றது. "நீங்களே ஒருதடவை வந்து பாருங்களேன்."